மலை மாடுகளும் தோல் கழலை நோயும்

(ஜவ்வாது மலைப் பகுதி ஊராட்சி அங்கத்தினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

ஊராட்சிக் கூட்டம் என்றால் நமது காதில் விழும் கோரிக்கைகள் பெரும்பாலும் மூன்றுதான். பாதை வேண்டும்; குடிநீர் வேண்டும்; விளக்கு வேண்டும். இவை நியாயமான கோரிக்கைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கொட்டிலில் கட்டியிருக்கும் மாட்டைப் பற்றி ஒருவராவது எழுந்து பேசியதாக நமக்கு நினைவில்லை. மாடு அவரவர் வீட்டுச் சொந்தக் காரியம், அதற்கும் ஊராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். மாட்டின் விலையைப் பொறுத்தமட்டில் அந்த எண்ணம் சரி. மாட்டுக்கு வரும் நோயைப் பொறுத்தமட்டில் அது முற்றிலும் தவறு. ஏனெனில் நோய் வேலியைப் பார்த்து நிற்பதில்லை. ஒரு வீட்டு மாட்டைக் கடித்த ஈ, அடுத்த வீட்டு மாட்டின்மீது உட்காருவதற்குப் பட்டாவைக் கேட்பதில்லை.

இன்று நாம் முக்கியமாகப் பேச எடுத்துக்கொண்டது தோல் கழலை நோய். மாட்டின் உடம்பெல்லாம் கட்டி கட்டியாகப் புறப்படுவதால் அம்மை என்றே பலரும் இதனைச் சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்வதில் பெரிய பிழையும் இல்லை. இது அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் கிருமியால் வருவதுதான். ஆட்டம்மையை உண்டாக்கும் கிருமிக்கு இது நெருங்கிய பங்காளி. ஆனால் மனிதருக்கு வரும் அம்மை வேறு, இது வேறு. மாட்டிடமிருந்து இந்நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே நோய் கண்ட மாட்டைத் தொட்டுப் பராமரிக்க எவரும் அஞ்ச வேண்டியதில்லை. பாலை எப்பொழுதும்போல் நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம்.

இது நமது நாட்டுக்குப் பழைய நோய் அன்று. 1929ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில், இன்று சாம்பியா என்று வழங்கும் நாட்டில் முதன்முதலாக இதனைக் கண்டறிந்தார்கள். நெடுங்காலம் அந்தக் கண்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த நோய், 1989இல் இஸ்ரேலிலும், 2015இல் கிரீஸ் நாட்டிலும் தலைகாட்டியது. 2019ஆம் ஆண்டில் வங்காள தேசத்திலும், அதே ஆண்டில் நமது ஒடிசா மாநிலத்திலும் புகுந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. 2022இல் இராஜஸ்தான், குஜராத் முதலிய வட மாநிலங்களில் இது பரவியபோது, நாடு முழுவதிலும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. அவற்றுள் பெரும்பகுதி இராஜஸ்தானில் மாண்டவை. சாலையோரங்களில் மாட்டுச் சடலங்கள் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

‘அதெல்லாம் கலப்பினப் பசுக்களுக்கு வருவது, எங்கள் மலை மாட்டுக்கு ஒன்றும் வராது’ என்று பெரியவர்கள் சிலர் நம்மிடம் சொன்னதுண்டு. கலப்பின மாடுகளை இந்நோய் கடுமையாக வாட்டும் என்பது மெய். நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கும் என்பதும் மெய். ஆனால் 2022இல் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் மாண்டவற்றுள் வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய உள்நாட்டு மாடுகள் ஏராளம். இந்தக் கிருமியை முன்பின் கண்டறியாத மந்தைக்கு, நாட்டு இனம் என்ற பெருமை மட்டும் கவசமாகிவிடாது.

நோய் எப்படித் தொடங்குகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். மாடு ஒரு நாள் மேய்ச்சலில் பின்தங்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். உடம்பு கொதிக்கும், காய்ச்சல் 104, 105 டிகிரி பாரன்ஹீட் வரையில் ஏறும். பால் சட்டென்று குறைந்துவிடும். முன்தொடை ஓரத்திலும் பின்தொடை மடிப்பிலும் நெறி கட்டும். பிறகு ஒன்றிரண்டு நாளில் தோலில் நெல்லிக்காய் அளவிலும் அதற்குப் பெரிதாகவும் கெட்டியான கழலைகள் எழும். தலை, கழுத்து, மடி, கால் என்று எங்கும் வரும். சில மாடுகளுக்குக் கால்கள் வீங்கி நடக்கவே இயலாமற் போகும். சினை மாடு கன்று வீசிவிடுவதும் உண்டு. கழலைகள் நாளடைவில் பொருக்குத் தட்டி உதிரும். உதிர்ந்த இடம் புண்ணாகும். அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். உதிர்ந்த பொருக்கிலும் கிருமி ஒரு மாதத்திற்கு மேல் உயிரோடிருக்கும். ஆகையால் கொட்டிலைப் பெருக்கிய குப்பையை எங்கே கொட்டுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டிய காரியம்.

பொதுவாக இந்நோய் கண்ட நூறு மாடுகளில் ஐந்துக்குள்தான் இறக்கும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறும். இதைக் கேட்டு, ‘ஐந்துதானே’ என்று சமவெளியில் பெரிய பண்ணை வைத்திருப்பவர் ஆறுதல் கொள்ளலாம். இந்த மலையில் அந்தக் கணக்கு உதவாது. இங்கே ஒரு குடும்பத்தின் கொட்டிலில் இருப்பவை ஒரு பசு, ஒரு கன்று, ஒரு ஜோடி ஏர் மாடு. ஜோடியில் ஒன்று போனால் நூற்றுக்கு ஐந்து போயிற்று என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஏர் போயிற்று என்றுதான் சொல்லுகிறோம்.

மாடு இறக்காமல் பிழைத்துக்கொண்டாலும் ஏர் நின்றுவிடக்கூடும். கழுத்திலே, நுகத்தடி அமரும் அந்த இடத்திலேயே, நான்கு கழலைகள் எழுந்துவிட்டால் அந்த மாட்டைப் பூட்டுவதெங்ஙனம்? புண் ஆறி, தோல் காய்த்து, மாடு மறுபடியும் நுகத்தைத் தாங்குவதற்கு வாரக்கணக்கிலும் சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும். ஆனி, ஆடி மழைக்குச் சாமையும் கேழ்வரகும் விதைக்கும் நாட்களோ மிகச் சில. சரிவு நிலத்தில் டிராக்டர் ஏறாத காடுகள் இம்மலையில் எத்தனை என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்து ஈரம் இருக்கும்போது மாடு படுத்திருக்கும். மாடு எழுந்து நிற்கும்போது ஈரம் போயிருக்கும். பால் குறைந்த நஷ்டத்தைக் கணக்கிட்டுச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். உழாமற் போன கொல்லையின் நஷ்டத்தை எந்தப் பதிவேட்டிலும் நாம் கண்டதில்லை.

நோய் எப்படிப் பரவுகிறது? கடிக்கும் ஈயும், கொசுவும், உண்ணியும் கிருமியைச் சுமந்து செல்கின்றன. மழை தொடங்கி ஈயும் கொசுவும் பெருகும் காலமே இந்நோய்க்கும் உகந்த காலம். அதாவது, நீங்கள் ஏர் பூட்டும் காலமும் இது வரும் காலமும் ஒன்றே. ஈ அதிக தூரம் தானாகப் பறப்பதில்லை. ஆனால் லாரி ஏறும். மாடும் லாரி ஏறும். போளூரிலிருந்து ஏறும் பாதையிலும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஏறும் பாதையிலும் சந்தையில் வாங்கிய மாட்டை ஏற்றிக்கொண்டு வண்டி வரும்போது, நோயும் கட்டணமின்றி வந்து சேரலாம். கடிபட்ட மாட்டுக்கு உடனே அடையாளம் தெரியாது. சில நாட்கள் முதல் நான்கு வாரம் வரையில் நோய் உள்ளே மறைந்திருக்கும். சந்தையில் பளபளவென்று நின்ற மாடு வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் படுத்துக்கொண்டால் விற்றவனைத் திட்டுவதில் பயனில்லை. புதிதாக வாங்கிய மாட்டை நான்கு வாரம் தனியே கட்டி, தனித் தொட்டியில் நீர் காட்டுவது ஒன்றே வழி. இடமில்லை என்பார்கள் சிலர். கொல்லைப்புறத்தில் ஒரு மரத்தடி இல்லாத வீட்டை இம்மலையில் நாம் பார்த்ததில்லை.

அம்மன் குற்றம் என்று இதனை எண்ணுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பக்தியைக் குறை சொல்வதற்கு நாம் இங்கே வரவில்லை. ஒன்றை மாத்திரம் நினைவுபடுத்துகிறோம். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் நமது பெரியவர்கள் என்ன செய்தார்கள்? வாயிலில் வேப்பிலை செருகினார்கள். வெளியார் உள்ளே வரக்கூடாது, வீட்டார் வெளியே போகக்கூடாது என்று வைத்தார்கள். நோயாளியைத் தனியறையில் படுக்கவைத்தார்கள். தலைக்கு நீர் வார்க்கும் நாள் வரையில் அந்தக் கட்டுப்பாட்டை ஊரே மதித்தது. அந்த முறையைத்தான் மாட்டுக்கும் செய்யுங்கள் என்று கால்நடை மருத்துவர் இன்று கேட்கிறார். கழலை கண்ட மாட்டைத் தனியே கட்டுங்கள். ஊர்ப் பொதுக் குட்டைக்கும் மந்தைவெளிக்கும் காட்டுக்கும் அதனை ஓட்டாதீர்கள். அதைக் கவனிக்கும் ஆள் மற்ற மாடுகளிடம் போகுமுன் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவட்டும். கொட்டிலின் வாயிலில் வேப்பிலை கட்டுவதானால் மிகவும் நல்லது. அடுத்த வீட்டுக்காரர் தம் மாட்டை அந்தப் பக்கம் ஓட்டிவராமல் இருக்க அதைவிடத் தெளிவான விளம்பரப் பலகை கிடையாது.

மூலிகை வைத்தியம் பற்றியும் கேட்கிறீர்கள். வைரஸ் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து இந்நோய்க்கு இல்லை. டாக்டர் போடும் ஊசிகள் காய்ச்சலைத் தணிக்கவும், புண்ணில் வேறு கிருமிகள் சேராமல் தடுக்கவுமே உதவும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் நமது மரபு மருந்துகளை ஆராய்ந்து ஒரு முறையைப் பரப்பியிருக்கிறார்கள். வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் இவற்றை அரைத்துத் தேவையான வெல்லம் சேர்த்து ஒரு வேளை மருந்தாக நாவில் தடவிக் கொடுப்பது. முதல் நாள் மூன்று மணிக்கு ஒரு முறையும், பிறகு இரண்டு வாரம் வரையில் நாளைக்கு மூன்று வேளையும் கொடுப்பது. புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் இவற்றை அரைத்து, அரை லிட்டர் தேங்காயெண்ணெயில் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்து, புண்ணைச் சுத்தம் செய்தபின் தடவுவது. இவையெல்லாம் உங்கள் கொல்லையில் கிடைப்பவை. செய்யுங்கள், மாட்டுக்கு இதமாயிருக்கும். ஆயினும் இது வந்த நோய்க்குச் செய்யும் சிசுரூஷையே. பக்கத்துக் கொட்டிலுக்கு நோய் போவதை வெற்றிலையும் மிளகும் தடுத்துவிடும் என்று எண்ணி எவரும் இருந்துவிட வேண்டாம்.

தடுப்பது தடுப்பூசி. ஆட்டம்மைக் கிருமியும் இந்தக் கிருமியும் பங்காளிகள் என்று சொன்னோம் அல்லவா? அதனால் ஆட்டம்மைத் தடுப்பு மருந்தே மாட்டுக்கு இந்நோய் வராமல் காக்க உதவுகிறது. நமது நாட்டில் இதுவரை பெரும்பாலும் போடப்பட்டது இந்த மருந்தே. பசுவின் அம்மைப் பாலைக் கொண்டு மனிதரைப் பெரியம்மையிலிருந்து காக்கலாம் என்று 1796இல் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் காட்டினார். அதே யுக்திதான் இதுவும். இந்த நோய்க்கென்றே தனித் தடுப்பு மருந்தையும் ஹிசாரிலுள்ள குதிரை ஆராய்ச்சி நிலையத்தாரும் இஜத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து உருவாக்கி 2022இல் வெளியிட்டார்கள்.

தடுப்பூசியைப் பற்றி நம் காதுக்கு எட்டிய பயங்கள் சில. பால் வற்றிவிடும் என்கிறார்கள். ஓரிரு நாள் சற்றுக் குறையலாம். பிறகு பழைய அளவுக்கு வந்துவிடும். நோய் வந்தாலோ மடியே வற்றிப்போகும். ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வருகிறதே என்கிறார்கள். சிறு வீக்கம் தானாகவே வடிந்துவிடும். சினை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்கிறார்கள். இது நல்ல கேள்வி. எத்தனை மாதச் சினை என்பதை டாக்டரிடம் மறைக்காமற் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார். ‘போன தடவை ஊசி போட்டும் ஒரு மாட்டுக்கு வந்துவிட்டதே’ என்று ஒருவர் கேட்டார். ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடுவதில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஊற ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். பக்கத்து ஊரில் நோய் வந்தபின் ஓடிவந்து ஊசி கேட்பது, மழை கொட்டும்போது கூரை வேய்வதற்குச் சமானம். மழைக்கு முன்னரே, சித்திரை, வைகாசியிலேயே இவ்வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசி முனையை அடுத்த மாட்டுக்குக் குத்தலாகாது. மாட்டுக்கு மாடு ஊசியை மாற்றுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நமது ஆட்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் நம்மிடம் சொல்லுங்கள்.

இங்கே நமது பக்கத்துக் குற்றம் ஒன்றையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். முன்பு நாம் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றியபோது, மலையோரக் கிராமங்களுக்குத் தடுப்பூசி முகாம் ஒன்று ஏற்பாடாயிற்று. சாலைச் சந்திப்பில் பந்தல் போட்டு, காலை பத்து மணிக்கு முகாம் என்று தண்டோரா போடச் செய்தோம். சாலையோரத்துப் பால் மாடுகள் வரிசையாக வந்தன. பதிவேட்டில் நல்ல எண்ணிக்கை ஏறியது. மாலையில் எல்லோரும் திருப்தியாகத் திரும்பினோம். உள்ளே ஆறேழு கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிற்றூர்களின் மாடுகள் காலை ஏழு மணிக்கே காட்டுக்குப் போய்விட்டிருந்தன. அவர்களுக்குத் தண்டோரா கேட்டிருந்தாலும், உழுகிற மாட்டை அத்தனை தூரம் ஓட்டிவந்து ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்ள எவர் சம்மதிப்பார்?

அடுத்த மழையில் அந்தச் சிற்றூர்களில் நோய் கண்டது. ஒரு விவசாயியின் ஜோடியில் வலத்தை மாடு இறந்தது. நாம் போய்ப் பார்த்தபோது அவர் நம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மிஞ்சிய மாட்டைக் காட்டி, ‘ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு என்னங்க ஐயா செய்யறது?’ என்று மட்டும் கேட்டார். அக்கம்பக்கத்தார் எப்பொழுதும் மாடு இரவல் கொடுப்பவர்கள்தாம். அந்த ஆண்டு நோய்க்கு அஞ்சி எவரும் கொடுக்கவில்லை. அவரும் அவர் மனைவியும் மகனும் மண்வெட்டியால் கொத்திப் பாதிக் கொல்லையில் விதைத்தார்கள். மறுபாதி அந்த ஆண்டு புல்லாகக் கிடந்தது. நமது பதிவேட்டில் ‘முகாம் நடைபெற்றது’ என்று எழுதியிருந்தது. முகாம் நடைபெற்றது மெய்தான். எந்த மாடு வரவில்லை என்று எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

வராத மாட்டைத் தேடிப் போவதுதான் முழு வேலை என்பதற்கு நமது ஜில்லாவின் சரித்திரமே சாட்சியாக இருக்கிறது. வெக்கை நோய் என்ற பெயரை இங்குள்ள முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாய் புண்ணாகி, கழிச்சல் கண்டு, ஒரு வாரத்தில் கொட்டிலையே காலி செய்த நோய் அது. நமது நாட்டில் முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920களில் வெள்ளாட்டில் வளர்த்த கிருமியைக் கொண்டு அதற்குத் தடுப்பு மருந்து கண்டார். பின்னர் பிளவுரைட் என்ற அறிஞர் கென்யாவில் அதனினும் சிறந்த மருந்தை உண்டாக்கினார். 1954ஆம் ஆண்டில் தேசிய அளவில் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊசி போட்டுப் போட்டு நோய் மிகவும் குறைந்தது. ஆனால் தீரவில்லை. எங்கோ ஒரு மூலையில் ஊசி படாத மந்தை ஒன்று இருந்துகொண்டே இருந்தது; அங்கிருந்து மறுபடியும் கிளம்பியது. கடைசிக் காலத்தில் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய், ‘இங்கே வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்ட மாடு உண்டா?’ என்று வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள். இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகக் கண்டது 1995ஆம் ஆண்டில். அதுவும் தமிழ்நாட்டில், நமது பழைய வட ஆற்காடு ஜில்லாப் பகுதியிலேதான். இந்த மலையும் முன்பு அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே அல்லவா? 2011ஆம் ஆண்டில் உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்துவிட்டதென்று சர்வதேச ஸ்தாபனங்கள் அறிவித்தன. மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாக, பூமியிலிருந்தே ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றுதான். இங்கே இருக்கும் இளைஞர்கள் வெக்கை கண்ட மாட்டைப் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் மாட்டார்கள்.

கோமாரியைப் பற்றி இரண்டு வார்த்தை. இதுவும் வைரஸ் நோயே. வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் வந்து, மாடு நுரை தள்ளி நொண்டும். கன்றுகள் இதயம் தாக்கித் திடீரென்று விழும். 2013இல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இது செய்த நாசம் பலருக்கு நினைவிருக்கும். இதற்கு ஆண்டுக்கு இரு முறை இலவசமாகத் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019இல் தொடங்கப்பட்டது. நான்கு மாதத்திற்கு மேற்பட்ட கன்று முதல் கிழட்டு மாடு வரையில் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். கறவை நின்ற மாட்டுக்கும் காளைக்கும் எதற்கு என்று கேட்காதீர்கள். நோய் பால் கறக்கும் மாட்டையே தேடி வருவதில்லை. கோமாரி மானுக்கும் காட்டுப்பன்றிக்கும்கூட வரும். உங்கள் மாடுகள் காட்டில் மேய்கின்றன என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

ஊசியோடு காதில் ஒரு மஞ்சள் வில்லை போடுகிறார்கள். அதில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது. இந்த வில்லையைக் கண்டு பலருக்குச் சந்தேகம். மாட்டை எண்ணி வரி போடப்போகிறார்கள் என்றும், காட்டில் மேய்ச்சலை நிறுத்தப்போகிறார்கள் என்றும் பேச்சு. எந்த மாட்டுக்கு எந்த நாளில் எந்த ஊசி போட்டோம் என்று குறித்துவைக்கவே அந்த எண். அது இருந்தால்தான் விடுபட்ட மாடு எது என்று தெரியும். நாம் முன்பு சொன்ன பதிவேட்டில் இல்லாதிருந்த கட்டம் இதுதான்.

இனி ஊராட்சி அங்கத்தினர்களுக்கு. கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கென்று 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. தம் மாட்டுக்குத் தொற்றுநோய் என்று சந்தேகம் தோன்றினால் உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும். அச்செய்தி அங்கிருந்து அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் சேர வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அதாவது, மாட்டு நோயில் ஊராட்சிக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்விக்குப் பார்லிமெண்டே பதில் சொல்லியிருக்கிறது. 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ வண்டிக்கு ஏற்பாடாகும். ஆனால் இம்மலையில் எத்தனை சிற்றூர்களில் தொலைபேசிக்கு அலை கிடைக்கிறது? மேட்டில் ஏறி, பாறைமேல் நின்று பேச வேண்டிய ஊர்களை நாம் அறிவோம். ஆகையால் ஒவ்வொரு சிற்றூரிலும் செய்தி கொண்டுபோக ஓர் ஆளை இப்பொழுதே நியமித்துவிடுங்கள். அவர் படித்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. நடக்கக்கூடியவராக இருந்தால் போதும். மாடு மேய்க்கும் பெண்களைக் கேட்டால் எந்த மாடு நேற்று சரியாக மேயவில்லை என்பதை டாக்டருக்கு முன்பே சொல்லுவார்கள். கிராம சபைக் கூட்டத்தில் அவர்களைப் பேசச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. அவற்றுள் மே முதல் நாள் கூடும் சபையில் மாட்டுத் தடுப்பூசியையும் ஒரு விஷயமாக வைத்துக்கொண்டால் மழைக்கு முன்னர் வேலை முடியும்.

குப்பைக் குழி கொட்டிலுக்கு ஒட்டி இருக்கிறது பல வீடுகளில். அதைத் தள்ளி வையுங்கள். அங்கேதான் கடிக்கும் ஈ முட்டையிடுகிறது. மாலையில் நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டுப் புகை மூட்டும் வழக்கம் முன்பு எல்லா வீட்டிலும் இருந்தது. அதை விட்டுவிட வேண்டாம். இறந்த மாட்டைக் காட்டோடையிலோ பள்ளத்திலோ தள்ளிவிடுவது மிகவும் கேடு. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். குழி வெட்ட அந்த வீட்டில் ஆளில்லாவிட்டால் ஊராட்சி ஆள் கொடுக்கட்டும்.

முகாமை நடத்தும் முறையைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். ஒரு புட்டியில் பல மாடுகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் வீண். எனவே இரண்டு மாட்டுக்காக ஒரு புட்டியைத் திறக்க டாக்டர் தயங்குவார் என்பதையும், ஊர் மாடுகள் ஒருங்கே கட்டியிருந்தால்தான் மருந்து பயன்படும் என்பதையும் உணருங்கள். இந்தத் தடவை ஜமுனாமரத்தூரில் பந்தல் போடப் போவதில்லை. பாதை முடிகிற கடைக்கோடிச் சிற்றூரிலிருந்து தொடங்கி, நாளுக்கு நாள் கீழே இறங்கிக் கடைசியில் சாலையோரத்திற்கு வருவது என்று கால்நடை மருத்துவரும் நாமும் தீர்மானித்திருக்கிறோம். பனிப்பெட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுவர ஊருக்கு இரண்டு ஆட்கள் வேண்டும், கூலி கொடுக்கப்படும். உங்கள் ஊருக்கு வரும் நாளை முன்னாள் மாலையே ஊர்க்கவுண்டர் வாயிலாகத் தெரிவிப்போம். விடியற்காலை ஆறு மணிக்கு, மாடு காட்டுக்குப் போவதற்கு முன் நாம் வந்துவிடுவோம். அன்றைக்கு மட்டும் மாட்டை அவிழ்க்காமல் வைத்திருங்கள். கன்றையும் கொட்டிலிலேயே கட்டிவையுங்கள். உங்களிடமுள்ள மாடுகள் எத்தனை, அவற்றுள் சினை மாடு எது, நோய்க்குறி கண்டது எது என்பதை இன்று போகும்போதே வெளியில் மேஜையில் இருக்கும் எழுத்தரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.